பச்சையெல்லாம் காடு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுமலையில் எடுத்த ஆவணக் குறும்படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியதிலிருந்து நீலகிரிக்குக் கேமராவும் கையுமாக வருகிற இளைஞர்கள் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நான் பார்த்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி: ட்ரோன் மேலே ஏறுகிறது, தேயிலைத் தோட்டம், பனிமூட்டத்தில் தைல மரங்கள், புல்லாங்குழல், 'இயற்கை அன்னை' என்று உருகும் ஒரு குரல். தேயிலையும் தைல மரமும் சீகை (வாட்டில்) மரமும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை, அதற்காக அழிந்தவை புல்வெளியும், மலை மடிப்புகளில் தானாக வளர்ந்த சோலைக்காடும் என்று ஒரு வரிகூட வராது. கொடைக்கானல் பைன் காடும் இதே கதைதான்.

பார்க்க மொட்டையாகத் தெரிகிற அந்தப் புல்மேடுதான் மழைநீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது, வரையாடு மேய்வதும் 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். ட்ரோனை இறக்கி வைத்துவிட்டு, முட்டி போட்டு, புல்லின் வேரடியில் ஈரம் ஊறி நிற்கும் கறுப்பு மண்ணை இரண்டு நிமிடம் காட்டட்டுமே! இசையைக் குறைத்தால் சோலைக்குள் தவளை கத்துவதும் காதில் விழும்.

அப்புறம் ஒன்று, காப்புக்காட்டில் ட்ரோன் விட வனத்துறை அனுமதி வேண்டும். கூடு கட்டும் பறவைக்கு மேலே அதைச் சுற்றவிட்டு எடுத்த படங்களுக்குப் பரிசு கொடுப்பதை விழா நடத்துபவர்கள் நிறுத்தலாம்.

– ஒரு வாசகர், குன்னூர்