உறைகுளிருக்கு டீசல் பிக்கப் வண்டியைப் பரிந்துரைத்து விற்றுவிட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தில் வாங்கிய டீசல் பிக்கப் வண்டியைப் பற்றித் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நேரிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன். வண்டியின் விவரங்கள் அனைத்தும் தங்கள் பதிவேட்டில் உள்ளன. அவற்றை மறுபடியும் கேட்டு என்னை அலைக்கழிக்க வேண்டாம் என முதலிலேயே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கும்போது தங்கள் விற்பனையாளரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெட்ரோல் வண்டி எடுப்பதா, டீசல் வண்டி எடுப்பதா? குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் இடம், இரவில் வண்டி திறந்த வெளியில்தான் நிற்கும், பக்கத்தில் மின் இணைப்பு கிடையாது, அன்றாட ஓட்டம் கால் மணி நேரத்தைத் தாண்டாது, பெரும்பாரம் இழுப்பது எப்போதாவதுதான் என்று ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னேன். "இழுவை என்றாலும் ஆயுள் என்றாலும் டீசல்தான், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்றார் அவர்.

அவர் சொல்லியிருக்க வேண்டியவை எத்தனையோ. டீசலில் இயல்பாகவே கலந்திருக்கும் மெழுகு கடுங்குளிரில் திரண்டு எரிபொருள் ஃபில்டரை அடைத்துவிடும். பெட்ரோலில் அந்தத் தொல்லை இல்லை. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது, காற்றை அழுத்துவதால் பிறக்கும் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். குளிர்ந்துபோன உலோகம் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், எரியறையை முன்கூட்டியே சூடாக்கும் க்ளோ பிளக்கும் வலுவான பேட்டரியும் தேவைப்படுகின்றன, அந்தப் பேட்டரியோ மைனஸ் 18 டிகிரியில் தன் வலுவில் ஏறக்குறையப் பாதியை இழந்து நிற்கிறது. புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் 32.5 சதவீத யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியிலேயே உறைகிறது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் புகைக்குழாய் போதிய அளவு சூடேறாததால், புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். ஃபில்டரில் சேரும் கரி எரிந்து வெளியேற வழியில்லை. இவை நான் கண்டுபிடித்த ரகசியங்கள் அல்ல. வண்டியைத் தயாரித்த தங்களுக்குத் தெரியாதவையும் அல்ல. நெடுந்தூரம் பாரம் இழுப்பவருக்கும், இரவில் என்ஜினை மின்சாரத்தால் சூடாக வைத்திருக்கும் பிளாக் ஹீட்டரைச் செருகிவைக்க வசதி உள்ளவருக்கும் டீசல் நல்ல தேர்வு என்பதை நான் மறுக்கவில்லை. அந்த இரண்டுமே என்னிடம் இல்லை என்று சொல்லித்தானே கேட்டேன்?

உறைந்து நின்ற வண்டியை மீட்பு வண்டியில் ஏற்றித் தங்கள் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பியபோது நடந்ததைத் தாங்கள் அவசியம் அறிய வேண்டும். இரவு முழுவதும் சூடேற்றப்பட்ட கூடத்துக்குள் நிறுத்திவைத்தார்கள். மெழுகு கரைந்தது, யூரியா இளகியது, காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. "குறை எதுவும் காணப்படவில்லை" என்று எழுதி, பரிசோதனைக் கட்டணத்துக்கு ஒரு பில்லையும் நீட்டினார்கள். குளிரில் வரும் கோளாறைக் கதகதப்பான அறையில் தேடிய அந்த மேதையை நான் சந்திக்க விரும்புகிறேன். வண்டியைத் திரும்ப எடுத்துவந்து வெளியில் நிறுத்தினேன். மறுநாள் காலை பழையபடி ஸ்டார்ட்டர் முனகியதே தவிர என்ஜின் பற்றவில்லை.

தங்கள் தொலைபேசிப் பிரிவில் பேசிய ஒருவரை மட்டும் என்னால் மறக்கவே முடியவில்லை. குளிரில் எளிதில் உறையாத குளிர்கால டீசலை நான் ஊற்றவில்லை என்று முதலில் குற்றம் சாட்டினார். ரசீது இருக்கிறது என்றேன். அப்படியானால் இரவெல்லாம் என்ஜினை ஓடவிடுங்கள் என்றார். நீண்ட நேரம் ஓட்டமின்றி என்ஜினை இயக்கிவைக்கக் கூடாது என்று தங்கள் கையேடே சொல்கிறது என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் இது: "வானிலைக்கெல்லாம் நாங்கள் வாரண்டி கொடுப்பதில்லை, சார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு இசையைப் போட்டுக் காத்திருக்க வைத்தார். இணைப்பு தானாகவே துண்டிக்கப்பட்டது. உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள் அல்லவா, தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்து ஒருமுறை கேளுங்கள்.

அந்தப் பரிசோதனை பில்லைச் செலுத்தாமல் சாவியைத் தர மறுத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிர்காலம் முழுவதும் என் பிழைப்பே நின்றுபோயிற்று. சொன்ன நேரத்துக்குப் போக முடியாமல், என்னை நம்பியிருந்த அத்தனை பேரிடமும் பெயர் கெட்டது. எனக்கு நேர்ந்த இழப்பைக் கணக்கிட்டால் இதுபோல இன்னும் இரண்டு வண்டிகள் வாங்கிவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் தங்கள் நிறுவனத்தின் மீது மரியாதை வைத்தே கேட்கிறேன். இதே வகையில் பெட்ரோல் என்ஜின் கொண்ட வண்டியை, தேய்மானம் என்று எதையும் கழிக்காமல், மாற்றித் தாருங்கள். மீட்பு வண்டிக்கும் பரிசோதனைக்கும் நான் செலுத்திய தொகையைத் திருப்பித் தாருங்கள். பதினைந்து நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பிவிட்டு நுகர்வோர் மன்றத்தை அணுகுவேன். விற்பனையாளரிடம் நான் எழுதிக்கொடுத்த தேவைப் படிவத்தின் நகல் என்னிடம் பத்திரமாக உள்ளது.

பதிலை எழுத்து வடிவில் மட்டும் அனுப்புங்கள். தொலைபேசியில் அழைத்தே தீருவது என்றால், அந்தச் சிரித்த மனிதரைத் தவிர வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: குளிர்கால டீசல் ரசீதுகள், பரிசோதனை பில், தேவைப் படிவத்தின் நகல்