அந்த வாத்து எங்கே பிறந்தது? ஏரிக்கரை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக விடியும் முன்பே ஏரிக்கரையில் வந்து நிற்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

வரித்தலை வாத்துகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். சிலர் பட்டைத்தலை வாத்து என்பார்கள். கூந்தன்குளத்தில் இத்தனை, இமாச்சலத்தின் பாங் அணையில் இத்தனை என்று எழுதியதும் வேலை முடிந்ததாக நம்மில் பலர் கிளம்பிவிடுகிறோம். அவை எங்கிருந்து வந்தவை என்று துருவுவதில்லை.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் பிறந்த ஊர் வேறு வேறு. மங்கோலிய ஏரிகள், திபெத், சீனாவின் சிங்ஹாய் ஏரி, கிர்கிஸ்தான், நம் லடாக்கின் சோ மொரிரி என்று பல இடங்களில் இவை முட்டையிடுகின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, சிங்ஹாய் வாத்துகளில் பல இமயத்தைத் தாண்டாமல் திபெத்தின் லாசா பக்கமே குளிர்காலத்தைக் கழித்தது தெரிந்தது. மங்கோலியாவில் கருவி கட்டிய பல வாத்துகளோ இமயம் கடந்து இந்தியா வந்தன. 2005இல் பறவைக் காய்ச்சல் சிங்ஹாயில் ஆயிரக்கணக்கான பறவைகளைக் கொன்றது. வரித்தலை வாத்துகள்தான் பெரும் அடி வாங்கின. அப்படியோர் இடி நாளை மங்கோலியக் கூட்டத்தின்மேல் விழுந்தால், நம் கணக்கில் அது தெரிய வேண்டாமா?

மொத்தக் கூட்டல் எதை மறைக்கும் என்பதற்கு ஐரோப்பாவின் பார்னக்கிள் வாத்தைப் பாருங்கள். கிரீன்லாந்து, நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகள், ரஷ்யா என்று மூன்று பழைய பிறப்பிடங்கள். ஸ்வால்பார்டு கூட்டம் குளிர்காலத்துக்கு பிரிட்டனின் சோல்வே கழிமுகத்துக்கு வரும். 1940களின் கடைசியில் அதில் எஞ்சியவை ஏறக்குறைய 300 மட்டுமே. மூன்றையும் ஒன்றாகக் கூட்டியிருந்தால் அந்தச் சரிவு யார் கண்ணிலும் பட்டிருக்காது. வேட்டைக்குத் தடை வந்தது. இன்று அது பல்லாயிரமாகப் பெருகியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஏரிகள்தான் ஞாபகம் வருகின்றன.

சரி, நாம் என்ன செய்யலாம்? கழுத்துகளைப் பாருங்கள். மங்கோலியாவில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் கழுத்துப்பட்டை போட்ட வாத்துகள் தென்னிந்தியா வரை வந்திருக்கின்றன. பட்டையின் நிறம், அதிலுள்ள எழுத்து, எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிதான் தெரிந்ததா, அந்தப் பாதியையும் எழுதுங்கள். ஊகித்து மட்டும் நிரப்ப வேண்டாம். அப்புறம், தலைகளையும் கவனியுங்கள். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுக்குத் தலையில் கருப்புப் பட்டைகள் இன்னும் வந்திருக்காது. நூறு வாத்துகளில் எத்தனை இளசு என்று எண்ணினால், வடக்கே அந்தக் கோடையில் குஞ்சு பொரித்தது எப்படி என்பது ஓரளவு பிடிபடும். பெற்றோரும் பிள்ளைகளும் குளிர்காலத்திலும் சேர்ந்தே திரிவதால், கூட்டத்தின் ஒரு மூலையை மட்டும் பார்த்துவிட்டு எண்ணாதீர்கள்.

இரவில் வயல்களில் மேய்ந்து பகலில் நீர்நிலையில் ஒதுங்குகிற பறவை இது. ஒரே கூட்டம் இரண்டு ஏரிக் கணக்கிலும் சேர்ந்துவிடாமல் இருக்க, பக்கத்து ஏரிக்காரரோடு பேசி, ஒரே நேரத்தில் எண்ணுங்கள்.

இந்த ஜனவரியில் படிவத்தின் ஓரத்திலாவது ‘கழுத்துப்பட்டை’, ‘இளசு’ என்று இரண்டு கட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு கரையில் நிற்கும் ஒருவர்