மணப்பெண் பேக்கேஜில் நரம்பு ஊசியா?

ஐயா,

முகூர்த்த மாதம் நெருங்கினால் மருத்துவர் சீட்டே இல்லாமல், தோலின் நிறத்தை வெளுப்பாக்கும் என்று நம்பிப் போட்டுக்கொள்ளும் குளூட்டோதயோன் ஊசி மருந்துக் குப்பி கேட்டு எங்கள் மருந்துக் கடைக்கு ஆள் வருகிறது; 'மணப்பெண் பேக்கேஜ்' என்ற பெயரில் சில அழகு நிலையங்கள் அதை டிரிப்ஸாக ஏற்றுகின்றனவாம். இது நம் உடலே சுரக்கும் பொருள்தான் என்றாலும், அதிக அளவில் மாதக்கணக்கில் நரம்பில் செலுத்துவது பாதுகாப்பானது என்பதற்குப் போதிய ஆய்வுச் சான்று இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் நரம்பு மண்டலத்துக்கு வரும் பாதிப்பைக் குறைக்கும் துணை மருந்தாகவே இந்த ஊசிக்கு அனுமதி அளித்திருப்பதாகக் கூறி, நிறத்துக்காகப் போட்டுக்கொள்வதற்கு எதிராக 2011-லேயே எச்சரித்தது. தோல் கொப்பளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், தைராய்டு, சிறுநீரகக் கோளாறுகள் ஆகியவற்றையும் அது சுட்டிக்காட்டியது. கூடவே ஏற்றப்படும் வைட்டமின் சி, அளவு மிகுந்தால், 'ஜி6பிடி' நொதிக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். அதற்கான ரத்தப் பரிசோதனையை எந்த அழகு நிலையம் கேட்கப்போகிறது? இத்தனைக்கும், நிறம் கூடினாலும் ஊசியை நிறுத்தினால் அது நிலைப்பதில்லை.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் அழகு நிலையங்களிலும், எங்களைப் போன்ற கடைகளிலும்கூட, திடீர்ச் சோதனை நடத்தி, பதிவு பெற்ற மருத்துவர் இல்லாத இடங்களில் நரம்பு ஊசி போடுவதை உடனே தடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர், மதுரை.