விடுமுறை நாளையும் சேர்த்து வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடும்போது அவற்றின் விடுமுறை நாளையும் குறிப்பிட வேண்டுகிறேன். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தென்னிந்தியப் பாரம்பரிய வீடுகளைக் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். இது தெரியாமல் வெளியூரிலிருந்து குழந்தைகளோடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது எவ்வளவு வருத்தம்!

எழும்பூரில் பலரும் முதலில் விலங்கியல் பகுதியிலேயே களைத்துப்போய், வெண்கலக் கூடத்தைப் பத்தே நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். வரிசையை மாற்றினால் போதும். காலையில் நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். திருவாலங்காடு நடராஜரையும் திருவெண்காடு அர்த்தநாரீசுவரரையும் சற்றுப் பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். நேரே நின்றால் தெரியாத உடல் வளைவு அப்போது தெரியும். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றிய சிலைகள் அவை. அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இராது. இந்த விவரத்தைக் கூடத்தின் வாசலில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

– வாசகர், சென்னை