கோஹிமாவுல குடை பிடிச்ச அண்ணனுக்கு நன்றி

பேர் கேட்காம வந்துட்டேன், அதான் இங்க எழுதுறேன். எங்க அப்பாயிக்கு அவங்க அப்பா முகமே தெரியாது. சேலம் பக்கம் கெணறு வெட்டுற கூலி ஆளு, பாறைக்கு வெடி வைக்கத் தெரியும்னு மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற ராணுவ இன்ஜினியர் படைல சேர்த்துக்கிட்டாங்களாம். வீரம் தேசம்லாம் இல்லைங்க, மாசாமாசம் மணியார்டர் வரும்ல, அதுக்குத்தான். அங்க போயும் அதே மண்ணு வேலை, ரோடு போடுறது, பாலம் கட்டுறது, கண்ணிவெடி எடுக்கறது. 1944ல, இப்ப நாகாலாந்துல இருக்கற கோஹிமாவுல, ஜப்பான்காரன் சண்டையில போய்ட்டாரு.

போன மாசம் அந்தப் போர் கல்லறைக்குப் போனேன். அங்க 1,420 கல்லறை, எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய சிப்பாய்ங்க 917 பேருக்குத் தனி நினைவுச்சின்னம். எங்காளு பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதியிருப்பானுங்கன்னே தெரியல, மழை வேற, அழுகையா வந்துச்சு. அப்பதான் நீங்க வந்தீங்க, குடையை என் தலைக்குப் பிடிச்சுட்டு நீங்க நனைஞ்சுக்கிட்டே ஒவ்வொரு பேரா சத்தமா வாசிச்சீங்க, முக்கால் மணி நேரம் இருக்கும், கடைசில ரெண்டு எழுத்து மாறி கிடைச்சுது பாருங்க!

காசு குடுத்தா கோச்சுக்கிட்டீங்க. உங்க தாத்தாவும் அந்தச் சண்டையில அடிபட்ட சிப்பாய்ங்களை ஸ்ட்ரெச்சர்ல தூக்குனவருன்னு அரைகுறை ஹிந்தில சொன்னீங்க. யாரைத் தூக்குனாரோ.

அந்தப் பேரை எடுத்த போட்டோவை அப்பாயி ஜூம் பண்ணி பண்ணி தடவிப் பாக்குது. உங்களையும் ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்ல லூசுன்னு என்னைத் திட்டுது.