பைண்டிங் கடையில் தெரிகிற உளவியல் ஆராய்ச்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உளவியல் படிப்பின் பக்கம் அதிகமாகத் திரும்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். சேர்ந்த பிறகு துறைக்குள் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் யாராவது எழுத வேண்டுமே என்றுதான் இந்தக் கடிதம். மதுரையில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தொலைநிலைக் கல்வியில் உளவியல் முதுகலை படித்தவனும்கூட, அதனால் கைக்கு வருகிற புராஜெக்டை நாலு பக்கமாவது புரட்டாமல் அட்டை போட மனசு வராது.

மார்ச் வந்தால் கடையில் நிற்க இடம் இருக்காது. கருப்பு ரெக்சின், தங்க எழுத்து, மூன்று காப்பி, "அண்ணே நாளைக்கு வைவா, சாயங்காலத்துக்குள்ள வேணும்ணே". உள்ளே பார்த்தால் கல்லூரி மாணவர்களின் மன அழுத்தமும் செல்போன் பழக்கமும், இல்லாவிட்டால் சுயமதிப்பும் சமூக ஊடகமும். கேள்வி கேட்கப்பட்டவர்கள் நூறு பேர் அல்லது நூற்றிருபது பேர், எல்லோரும் அதே கல்லூரி, பாதிப் பேர் அதே வகுப்பு. கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டால் இரண்டு நாளில் டேட்டா ரெடி. அதை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருளில் போட்டு அட்டவணை எடுத்துத் தர வெளியே ஆள் உண்டு, தனி ரேட். ஒரு பிரதியில் நன்றியுரைப் பக்கத்தில் வேறு கல்லூரிப் பேராசிரியருக்கு நன்றி சொல்லியிருந்தது. காட்டினேன். அந்தப் பெண் கடையிலேயே நின்று அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி பிரிண்ட் எடுத்துச் சொருகிவிட்டுப் போனாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஐந்து செமஸ்டர் முழுக்க ஆராய்ச்சி என்பது எப்படி நடக்கிறது என்று கண்ணாலேயே பார்க்காத பிள்ளையிடம் ஆறாவது செமஸ்டரில் போய் "ஆராய்ச்சி பண்ணு" என்றால் அது வேறு என்னதான் செய்யும்?

லேப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைவது, பச்சை மையில் எழுதிய "சிவப்பு" என்ற சொல்லைக் காட்டி மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனை என்று ரெக்கார்ட் நோட்டு நிறைகிறது. ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்டது. விடை என்ன வரும் என்று சோதனை செய்வதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அது பயிற்சி, சரி. ஆனால் விடை தெரியாத ஒரு கேள்விக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் ஆராய்ச்சி பிடிபடும்.

அதற்கு வழி துறைக்குள்ளேயே இருக்கிறது. பிஎச்.டி. செய்கிறவர்கள் ஊர் ஊராக ஆள் தேடி அலைகிறார்கள், பேட்டிகளை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்க நேரமில்லாமல் தவிக்கிறார்கள். அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு மேலே என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்றே தெரியாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1969லேயே இளநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் ஆராய்ச்சியில் சேர்ந்து வேலை பார்க்க ஒரு திட்டம் தொடங்கியது. அங்கே பல பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளில் இப்போது இது சாதாரணம், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை பார்த்தால் பாட மதிப்பெண்ணாகவே கணக்கில் சேரும். வேலை ஒன்றும் பிரமாதமானது இல்லை. வீடியோ பார்த்துக் குழந்தை எத்தனை முறை அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறது என்று குறிப்பது, போன் போட்டு வரச் சொல்வது, விட்டுப்போன பதிலைச் சரிபார்ப்பது. அந்தச் சலிப்பான வேலையில்தான் டேட்டா எங்கே கெட்டுப்போகும் என்று கை பழகுகிறது.

இன்னொன்று. உளவியலில் ஏற்கெனவே வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மறுபடியும் அதே முடிவைத் தந்தது. போதாததற்கு, முக்கியமான உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய, தொழில்வள நாட்டுக்காரர்கள் என்று 2008இல் ஒருவர் கணக்கெடுத்துச் சொன்னார். அப்படியென்றால் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் பழைய ஆய்வு ஒன்றை ஒழுங்காகத் திரும்பச் செய்து பார்ப்பதே உருப்படியான இளநிலை புராஜெக்ட் ஆகாதா? புதுத் தலைப்பு எதற்கு?

அலகாபாத்தில் கங்கைக் கரையில் குளிர்காலத்தில் கூடும் மாக மேளாவில் இந்திய, பிரிட்டிஷ் உளவியலாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு 2012இல் வந்தது. மேளாவுக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் முன்னும் பின்னும் விசாரித்து, போய் வந்தவர்களின் நலன் கூடியிருந்ததைக் காட்டினார்கள், அவ்வளவு குளிரிலும் நெரிசலிலும். நமக்குச் சித்திரைத் திருவிழா இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும்போது லட்சக்கணக்கில் சனம் வைகைக்குள் நிற்கிறது, அவர்களில் பலர் கிராமத்திலிருந்து வண்டி கட்டி வந்து கோரிப்பாளையம் பக்கம் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களிடம் முன்னும் பின்னும் பேசக் கற்றுக்கொடுத்த ஐம்பது பிள்ளைகள் இருந்தால் என்னென்ன தெரிய வரும்! தல்லாகுளத்தில் நீர்மோர் குடித்துக்கொண்டே கேட்டு வந்துவிடுவார்கள்.

கற்றுக்கொடுத்த பிள்ளைகள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஆபத்தும் உண்டு. பி.எச்.க்யூ.-9 என்ற மனச்சோர்வு வினாப்பட்டியல் என் கடைக்கு வரும் புராஜெக்டுகளில் அடிக்கடி இருக்கும். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றுகிறதா என்று கேட்பது. ஒரு பையன் ராத்திரி பதினொரு மணிக்கு "கிட்டத்தட்ட தினமும்" என்று கூகுள் ஃபார்மில் குறித்து அனுப்பினால் அதை யார் பார்க்கிறார்கள்? பேர் கேட்காத படிவம், தேடிப் பிடிக்கவும் முடியாது. படிவத்தின் அடியில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐக்கூடப் போடாத பிரதிகளை நான் அட்டை போட்டிருக்கிறேன். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு பங்கேற்பவரின் ஒப்புதல், ஆய்வைப் பரிசீலித்து அனுமதிக்கும் அறக்குழு என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் விரிவான நெறிமுறை வெளியிட்டது. பெரியவர்களின் ஆராய்ச்சியில் உதவியாக இருந்தால் இதெல்லாம் பிள்ளைக்குத் தானாகப் பழகும். தனியாக விட்டால் பழகாது.

இதைச் சாக்கிட்டு ஓசியில் வேலை வாங்கவும் சிலர் கிளம்புவார்கள், மார்க்கைக் காட்டி மிரட்டி. எத்தனை மணி நேரம், என்ன வேலை, என்ன கற்றுத் தருவோம், கட்டுரையில் பெயர் வருமா என்று எழுதி முதலிலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பஸ் செலவுக்காவது பணம் வேண்டும். திருமங்கலத்திலிருந்து வருகிற பிள்ளையைச் சனிக்கிழமையும் வரச் சொல்வது சும்மா இல்லை. இளநிலை மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் இரண்டு மாத ஆய்வு செய்ய ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் உதவித்தொகை தருகிறது. மனநலம் மனநலம் என்று மேடைதோறும் பேசும் நம் அரசு, உளவியல் இளநிலை மாணவர்களுக்கு அதே மாதிரி ஒன்றைச் சிறிய அளவிலாவது தொடங்கலாம். உயர்கல்வித் துறை ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் இதைப் பரிசீலிக்க வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள் பலகையில் ஒட்டுவதற்கு அதுவரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.