கடைசி இலக்கத்தை மட்டும் நம்பினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தை என்னிடம் கணக்கு படிக்க வரும் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. முழு வர்க்க எண்ணை (ஒரு முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவதை) கண்டுபிடிக்க நீங்கள் கொடுத்திருந்த குறுக்குவழிகள் எல்லாம் சரியானவைதான். 2, 3, 7, 8 இவற்றில் முடிகிற எண் முழு வர்க்கம் ஆகாது, கடைசியில் வரும் பூஜ்ஜியங்கள் ஒற்றைப்படையாக இருந்தாலும் ஆகாது, இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 7, 9 இவற்றில் ஒன்றில்தான் வந்து நிற்க வேண்டும். ஒன்றிலும் தப்பில்லை. ஆனால் கீழே "இவை அனைத்தும் பொருந்தினால் அந்த எண் முழு வர்க்கம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டீர்களே, வினையே அதுதான்.

2116, 2161 என்று இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நான்கு இலக்கங்கள், இடம்தான் மாறியிருக்கிறது. கூட்டினால் இரண்டுக்கும் 10, அதாவது 1. ஒன்று 6-இல் முடிகிறது, மற்றது 1-இல். இரண்டும் அனுமதிக்கப்பட்ட இலக்கங்களே. 6-இல் முடிந்தால் அதற்கு முந்தைய இலக்கம் ஒற்றைப்படையாகவும், 1-இல் முடிந்தால் இரட்டைப்படையாகவும் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு (நீங்கள் இதைப் போடவில்லை, நல்ல விதி), அதிலும் இரண்டுமே தேறிவிடும். ஆனால் 2116 என்பது 46-இன் வர்க்கம், 2161 ஒரு பகா எண்! அவ்வளவு ஏன், 700-ஐயே பாருங்களேன், பூஜ்ஜியம் இரண்டு இருக்கிறது என்பதற்காக அது வர்க்கமாகிவிடுமா?

இந்த விதிகள் 'இல்லை' என்று மட்டும்தான் சொல்லும், 'ஆமாம்' என்று சொல்ல அவற்றால் முடியாது. நான்கு விடைகளில் எது முழு வர்க்கம் என்று கேட்டால் மூன்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை டிக் அடிக்கலாம், அங்கே ஒன்று கட்டாயம் வர்க்கம் என்று கேள்வியே சொல்லிவிடுகிறது. அப்படிப் பழகிய பிள்ளையிடம் "2161-இலிருந்து எந்தச் சிறிய எண்ணைக் கழித்தால் முழு வர்க்கம் கிடைக்கும்" என்று கேட்டால் முழிக்கிறது, ஏனென்றால் அது மனசில் ஏற்கெனவே வர்க்கமாகிவிட்டது.

இத்தனைக்கும் உறுதியாகச் சொல்லும் வழி ஒன்றும் கஷ்டமில்லை. 5776 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை விட்டுவிட்டு 57-ஐப் பாருங்கள், அது 49-க்கும் 64-க்கும் நடுவில் இருப்பதால் வர்க்கமூலம் எழுபதுகளில்தான். 6-இல் முடிவதால் 74 அல்லது 76. ஏழெட்டு 56, நம்மிடம் இருப்பது அதைவிடப் பெரிய 57, ஆகவே 76. இத்தோடு எழுந்துவிடக் கூடாது, 76-ஐ 76-ஆல் பெருக்கிப் பார்த்து 5776 வந்தால்தான் கணக்கு முடிந்தது. இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பெருக்கிப் பார்க்கச் சோம்பலாக இருந்தால் எட்டாம் வகுப்பில் வர்க்கமூலம் காண வரும் நீள் வகுத்தல் இருக்கவே இருக்கிறது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே முறைதான், அதற்குப் பிறகு யாரும் ஷார்ட்கட் கண்டுபிடித்து அதைப் பெரிதாகத் தோற்கடித்துவிடவில்லை என்பது என் அபிப்பிராயம். 2161-ஐ 21, 61 என்று பிரித்துக்கொண்டால், 21-இல் 16 போக மீதி 5, 61-ஐ இறக்கினால் 561, அதில் 86-ஐ ஆறு முறை, அதாவது 516 கழித்தால் மீதி 45. மீதி நின்றால் முழு வர்க்கம் இல்லை. மேலே கேட்ட கேள்விக்கு விடையும் அந்த 45-தான்.

2025 பிறந்தபோது அது 45-இன் வர்க்கம் என்று வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது, 1980-இல் பிறந்தவர்கள் அந்த ஆண்டு தங்களுக்கு 45 வயது என்று சந்தோஷப்பட்டார்கள். அதற்கு முந்தைய வர்க்க ஆண்டு 1936, அடுத்தது 2116. 2025-க்கும் 2116-க்கும் நடுவில் வருகிற எந்த ஆண்டும் வர்க்கமில்லை என்று தெரிய ஒரு விதியும் வேண்டாம், 45-க்கும் 46-க்கும் நடுவில் முழு எண் கிடையாது, அவ்வளவுதான். அதனால் 1 முதல் 30 வரை வர்க்கங்களை மனப்பாடம் செய்யச் சொல்லி ஒரு அட்டவணை போட்டீர்கள் என்றால் உங்கள் விதிகளைவிட அது அதிகம் உதவும்.

அட்டவணை போடாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த வாரமே திருத்தம் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் அதையும் வெட்டி பக்கத்திலேயே ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கணக்கு டியூஷன் எடுக்கும் ஒரு வாசகி,
கும்பகோணம்.